படுகளமும் மூடுபனியும்

கொலையைப் பற்றிய கதை தமிழில் பழையது. கொலைகாரனைப் பற்றிய கதை புதியது. இருபதாம் நூற்றாண்டின் முதற்பாதியில் ஆரணி குப்புசாமி முதலியாரும் ஜே. ஆர். ரங்கராஜுவும் வடுவூர் துரைசாமி ஐயங்காரும் எழுதிக் குவித்த துப்பறியும் நாவல்களில், கொலை என்பது கடைசி அத்தியாயத்தில் அவிழ வேண்டிய முடிச்சாகவும், கொன்றவன் அதுவரை வாசகரின் கண்ணில் படாமல் ஒளிந்திருக்க வேண்டிய ஆளாகவும் இருந்தமையால், அவன் பிடிபட்டதும் கதையும் முடிந்துபோயிற்று. சொத்துக்காகச் செய்தான், மோகத்தால் செய்தான் என்ற ஒரு வரிக்கு மேல் அவன் மனத்துக்குள் புகுந்து பார்க்கும் தேவை அந்நாவல்களுக்கு ஏற்படவில்லை. தமிழ்த் திரைப்படம் பேசத் தொடங்கிய சில ஆண்டுகளிலேயே இத்தகைய நாவல்கள் படங்களாயின. வடுவூராரின் 'மேனகா' 1935-இல் டி. கே. எஸ். சகோதரர்கள் நடிக்க, ராஜா சாண்டோவின் இயக்கத்தில் வெளிவந்தது; அவருடைய 'திகம்பர சாமியார்' 1950-இல் மாடர்ன் தியேட்டர்ஸ் தயாரிப்பாக வந்து எம். என். நம்பியாரைப் பல வேடங்களில் காட்டியது. இவற்றிலெல்லாம் பார்வையாளர் துப்பறிபவனோடு கூடவே நடந்தனர். கொலைகாரனோடு கூட நடக்கும்படி தமிழ்ப் பார்வையாளர் பரவலாக அழைக்கப்பட்டது 1978-க்கும் 1980-க்கும் இடைப்பட்ட இரண்டே ஆண்டுகளில்தான்.

முதலாவது படம் 1978 அக்டோபரில் வெளியான பாரதிராஜாவின் 'சிகப்பு ரோஜாக்கள்'. இரண்டாவது 1980 நவம்பரில் வெளியான பாலு மகேந்திராவின் 'மூடுபனி'. முன்னது திரைக்கென்றே எழுதப்பட்ட கதை. பின்னது ராஜேந்திரகுமார் எழுதிய 'இதுவும் ஒரு விடுதலைதான்' என்னும் நாவலைத் தளர்வாகத் தழுவியது. தழுவல் என்பது இங்கு மொழிபெயர்ப்பையோ நகலையோ குறிக்கவில்லை. ஒரு கலைவடிவத்தில் பிறந்த கதையின் கருவை மட்டும் எடுத்து, மற்றொரு கலைவடிவத்தின் இயல்புக்கு ஏற்ப மீண்டும் பெற்றெடுப்பதைக் குறிக்கிறது. அவ்வாறு மீண்டும் பிறக்கும்போது எது கூடியது, எது விடுபட்டது என்று பார்ப்பதே தழுவல் ஆய்வின் வேலை. இவ்வுரை அந்த ஆய்வை 'மூடுபனி'யை மையமாக வைத்து மேற்கொள்கிறது; அளவுகோலை அயல்நாட்டிலிருந்து மட்டும் எடுத்துக்கொள்ளாமல், விழுப்புரம், திண்டிவனம், செஞ்சி வட்டாரத்துச் சிற்றூர்கள் தலைமுறை தலைமுறையாக விடிய விடியக் கண்டுவரும் பாரதக் கூத்தின் படுகளத்திலிருந்தும் எடுத்துக்கொள்கிறது.

முதலில் ஒரு சொல்லைத் தெளிவுபடுத்திக்கொள்ள வேண்டும். கால இடைவெளி விட்டு, பலரை, பெரும்பாலும் ஒரே வகையினரை, ஆதாயத்துக்காக அன்றித் தன் உள்ளத்தின் உந்துதலால் கொல்பவனைத் 'தொடர் கொலையாளி' என்று இன்றைய குற்றவியல் அழைக்கிறது. இத்தொடர் உலக வழக்கில் பரவியதே 1970-களுக்குப் பின்னர்தான். தமிழ்ச் செய்தித்தாள்களோ அவனுக்குச் 'சைக்கோ கொலையாளி' என்று பெயர் வைத்தன. சில வேளைகளில் 'சைக்கோ' என்று மட்டுமே எழுதின. உயிர், உள்ளம் என்னும் பொருள்களைத் தரும் ஒரு கிரேக்கச் சொல்லின் வழிவந்த முன்னொட்டு, ஆல்ஃபிரட் ஹிட்ச்காக் 1960-இல் எடுத்த படத்தின் பெயராகி, அப்படத்தைப் பார்த்தேயிராத ஊர்களிலும் ஒரு பெயர்ச்சொல்லாகவும் வசைச்சொல்லாகவும் நிலைத்துவிட்டது. ஒரு திரைப்படத் தலைப்பு தமிழில் இப்படி ஒரு மனித வகையின் பெயராக மாறியதற்கு வேறு எடுத்துக்காட்டு எளிதில் கிடைக்காது. அதன் விளைவு நல்லதன்று; அதைப் பின்னர்க் காணலாம்.

ஹிட்ச்காக்கின் படமும் நாவலிலிருந்து வந்ததே. அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில் பிளெய்ன்ஃபீல்டு என்னும் சிற்றூரில் 1957-இல் எட் கீன் என்னும் கொலைகாரன் பிடிபட்டான். அவ்வூருக்கு நாற்பது மைலுக்கும் குறைவான தொலைவில் அப்போது வாழ்ந்த ராபர்ட் பிளாக் என்னும் எழுத்தாளர், அக்கம்பக்கத்தார் எவருக்கும் ஐயம் வராமல் ஒருவன் இப்படி வாழ முடியுமா என்ற கேள்வியைப் பற்றிக்கொண்டு 1959-இல் 'சைக்கோ' நாவலை வெளியிட்டார். நாவலின் நார்மன் பேட்ஸ் நாற்பது வயதுக்காரன், பருமனானவன், குடிப்பவன், வாசகருக்குச் சட்டென்று அருவருப்பைத் தருபவன். திரைக்கதை எழுதிய ஜோசப் ஸ்டெஃபனோவும் ஹிட்ச்காக்கும் அவனை ஒல்லியான, கூச்சம் மிகுந்த, பார்த்தால் இரக்கம் வரும் இளைஞனாக மாற்றினர். இம்மாற்றத்தைப் பற்றி எழுதாத திறனாய்வாளர் குறைவு.

ஆயினும் அவர்கள் செய்த இன்னொரு மாற்றமே தழுவலின் இலக்கணத்துக்குப் பெரிது. நாவல் நார்மனிடம் தொடங்குகிறது. படமோ கொலையுண்ணப் போகும் பெண்ணிடம் தொடங்குகிறது. மேரியன் கிரேன் என்னும் அப்பெண்ணின் வேலை, காதல், பணமுடை, திருடிய பணத்தோடு மழையில் கார் ஓட்டிச் செல்லும்போது முகத்தில் வந்துபோகும் அச்சம், திருப்பிக் கொடுத்துவிடலாம் என்று எடுக்கும் முடிவு ஆகியவை அனைத்தையும் ஏறத்தாழப் படத்தின் பாதிவரை கூடவே இருந்து கண்ட பிறகுதான் பார்வையாளர் அவளை இழக்கின்றனர். ஒரு நிமிடம்கூட நீடிக்காத அந்தக் குளியலறைக் கொலைக் காட்சியை எடுக்க ஒரு வாரம் பிடித்தது என்பதும், பெர்னார்ட் ஹெர்மன் நரம்பு வாத்தியங்களை மட்டுமே கொண்டு இசை அமைத்தார் என்பதும் பலர் அறிந்த செய்திகள். ஆனால் அக்காட்சி உலகை உலுக்கியதற்குக் கத்தியோ இசையோ முதற்காரணம் அன்று. இறந்தவள் ஒரு முழு ஆள் என்பதே காரணம். பெயர் தெரிந்த, மனம் தெரிந்த ஒருத்தி செத்துப்போனாள்.

தமிழுக்கு வந்த ஹிட்ச்காக் பெரும்பாலும் பாதி ஹிட்ச்காக்தான். நார்மன் வந்தான்; மேரியன் வரவில்லை.

'மூடுபனி'யை எடுத்தவர் எப்படிப்பட்டவர் என்பதை நினைத்தால் இந்த விடுபாடு இன்னும் வியப்பளிக்கும். இலங்கையின் மட்டக்களப்புக்கு அருகே அமிர்தகழியில் 1939-இல் பிறந்த பாலு மகேந்திரா, பூனா திரைப்படக் கல்லூரியில் ஒளிப்பதிவு பயின்று, மலையாளத்தில் 'நெல்லு' வழியாக ஒளிப்பதிவாளராக அறிமுகமாகி, 1977-இல் கன்னடத்தில் 'கோகிலா'வையும் 1979-இல் தமிழில் 'அழியாத கோலங்கள்' படத்தையும் இயக்கியவர். 'மூடுபனி' அவர் இயக்கிய மூன்றாவது படம்; இளையராஜாவுக்கு அது நூறாவது படம். அதற்கு முன்னர்ச் சலீல் சௌத்ரியோடு பணியாற்றிய பாலு மகேந்திரா, இதன்பின் தம் இறுதிப் படமான 'தலைமுறைகள்' வரை பெரும்பாலும் இளையராஜாவோடே பணியாற்றினார். சன்னல் வழியே வரும் வெளிச்சம், விடியற்காலை வெளிச்சம், மலை நாட்டின் மங்கல் வெளிச்சம் என இயற்கையாகக் கிடைக்கும் ஒளியைக் கொண்டே முகங்களைக் காட்டும் அவருடைய முறை, ஒரு கொலைக்கதைக்குப் பயன்பட்டபோது தமிழில் அதுவரை இல்லாத ஓர் அச்சம் பிறந்தது. பழைய மர்மப் படங்கள் அச்சத்தை இருட்டில் வைத்தன. இவர் அதை வெளுப்பில் வைத்தார்.

தலைப்பு மாற்றமே இதற்குச் சான்று. 'இதுவும் ஒரு விடுதலைதான்' என்பது ஒரு வாக்கியம். அதில் ஒரு தீர்ப்பு இருக்கிறது, யாரோ ஒருவர் முடிவைக் கண்டு சொல்லும் குரல் இருக்கிறது. நாவலுக்கு அது பொருந்தும், ஏனென்றால் நாவல் சொல்லும் கலை. 'மூடுபனி'யில் தீர்ப்பு இல்லை. கண் எந்த நிலையில் இருக்கிறது என்ற செய்தி மட்டுமே இருக்கிறது. தமிழர் ஆண்டை ஆறு பெரும்பொழுதுகளாகப் பகுத்தபோது மார்கழி, தை மாதங்களை முன்பனி என்றும், மாசி, பங்குனி மாதங்களைப் பின்பனி என்றும் அழைத்தனர். 'மூடுபனி' என்பது பொழுதின் பெயர் அன்று, அனுபவத்தின் பெயர். திண்டிவனத்துக்கும் விழுப்புரத்துக்கும் இடையில் தை மாத விடியலில் பெருஞ்சாலையில் செல்வோர் அதை நன்கு அறிவர்: கூட்டேரிப்பட்டைத் தாண்டியதும் எதிரே வரும் லாரியின் விளக்கு முதலில் தெரியாது, ஒலி மட்டும் கேட்கும், பின் வெள்ளைக்குள் ஒரு மஞ்சள் கறை, பின்னரே வண்டி. பொருள் இருக்கிறது என்பது தெரிந்தும் எங்கே இருக்கிறது என்பது தெரியாத அந்த இடைவேளையே படத்தின் உணர்ச்சி.

திகில் என்பதற்கும் மர்மம் என்பதற்கும் உள்ள வேறுபாடு இங்கே தெளிவாகிறது. யார் செய்தது என்று தெரியாமல் இருப்பது மர்மம். யார் என்று தெரிந்தும் எப்போது என்று தெரியாமல் இருப்பது திகில். பிரதாப் போத்தன் ஏற்ற சந்துருவே கொலைகாரன் என்பதைப் படம் ஒளிப்பதில்லை. சிறுவயதில் தந்தை தாயைக் கொடுமைப்படுத்தியதையும் வேறு பெண்ணை நாடியதையும் கண்டு வளர்ந்த அவன், வளர்ந்தபின் பாலியல் தொழிலில் உள்ள பெண்களைக் கொல்கிறான். ஷோபா ஏற்ற ரேகாவிடம் மட்டும் அவனுக்கு வேறொரு மனம் ஏற்படுகிறது. வேறொருவரோடு திருமணம் நடக்கவிருக்கும் அவளை ஊட்டிக்குக் கடத்திச் சென்று தனிவீட்டில் வைத்திருக்கிறான். அதன்பின் படத்தின் பெரும்பகுதி ஒரு வீடு, இரண்டு முகங்கள், வெளியே பனி.

அந்த வீட்டில்தான், கே. ஜே. யேசுதாஸ் பாடிய, கங்கை அமரன் எழுதிய கித்தார்ப் பாடல் வருகிறது. நாற்பது ஆண்டுகளுக்கு மேலாகியும் திருமண மண்டபங்களிலும் இரவுப் பேருந்துகளிலும் அது காதல் பாட்டாகவே ஒலிக்கிறது. ஆனால் படத்தில் பாடுபவன் கடத்தியவன், கேட்பவள் கடத்தப்பட்டவள். இளையராஜாவின் இசை அவன் தன்னைப் பற்றி என்ன நினைத்துக்கொண்டிருக்கிறான் என்பதைச் சொல்கிறது. ஒளிப்பதிவு அவள் எந்த நிலையில் இருக்கிறாள் என்பதைச் சொல்கிறது. இரண்டும் ஒரே நேரத்தில் நிகழும்போது பார்வையாளரின் காதும் கண்ணும் வேறு வேறு பக்கம் இழுபடுகின்றன. எழுத்தால் இதைச் செய்ய இயலாது. இரு குரல்களை ஒரே கணத்தில் எழுத்து கேட்கச் செய்யாது. நாவலைத் திரைக்குக் கொண்டுவந்ததனால் கிடைத்த பேறுகளில் இதுவே தலையாயது. இன்று அப்பாடல் காட்சியிலிருந்து பிரிந்து தனியே வாழ்வதால், அந்தப் பேறு பாதி அழிந்துவிட்டது என்பதையும் வருத்தத்தோடு குறிப்பிட வேண்டியிருக்கிறது.

ஷோபாவின் முகத்தைப் பற்றித் தனியே சொல்லாமல் இப்படத்தைப் பேச முடியாது. 'பசி' படத்துக்காகச் சிறந்த நடிகைக்கான தேசிய விருது பெற்ற அவர், 1980 மே மாதம் முதல் நாள், பதினேழு வயதில் மறைந்தார்; 'மூடுபனி' அதற்கு ஆறு மாதங்களுக்குப் பிறகே திரைக்கு வந்தது. படம் வெளியான நாளிலிருந்தே அதைப் பார்த்தவர்கள் கதைக்குள் தப்பிப் பிழைக்கும் ஒருத்தியையும் வெளியே தப்பாமற்போன ஒருத்தியையும் ஒரே முகத்தில் கண்டனர். ரேகாவின் அச்சம் கூச்சலாக வெளிப்படுவதில்லை. அவன் அடுத்து என்ன செய்வான் என்று ஒவ்வொரு நொடியும் கணக்கிட்டுக்கொண்டே பேசும் ஒரு பெண்ணின் கவனமாக வெளிப்படுகிறது. குடிகாரனோ கொடுமைக்காரனோ உள்ள வீட்டில் வாழும் பெண்கள் இந்தக் கவனத்தை அறிவார்கள்.

இப்போது அந்த இரண்டு ஆண்டுகளில் இக்கதைகள் எத்தகைய வாசகரை, எத்தகைய பார்வையாளரை அடைந்தன என்பதைச் சற்று நினைக்க வேண்டும். விழுப்புரம் அப்போது தென்னார்க்காடு மாவட்டத்தின் பகுதி. தனி மாவட்டமானது 1993 செப்டம்பர் 30-இல். சென்னை, திருச்சி, மயிலாடுதுறை, காட்பாடி, புதுச்சேரி என ஐந்து திசை இருப்புப்பாதைகள் கூடும் அச்சந்திப்பில் இறங்கி வண்டி மாறுவோரின் கையில் வார இதழும் மாத நாவலும் இருந்தன. மாத நாவல் என்பது மாதம் ஒரு முழுக்கதையை, ஒரு பயணத்தில் படித்து முடிக்கும் அளவில், கூலித் தொழிலாளியும் வாங்கும் விலையில் தரும் வெளியீட்டு முறை. 'ராணிமுத்து' 1969-இல் இதைத் தொடங்கிவைக்க, 'மாலைமதி' முதலியவை தொடர்ந்தன. 'ஙே' என்ற ஒற்றை எழுத்தால் ஒருவன் விழித்து நிற்பதைச் சொல்லி வாசகர் நெஞ்சில் இடம் பிடித்த ராஜேந்திரகுமார் இவ்வெகுசன வாசிப்பின் செல்லப்பிள்ளைகளுள் ஒருவர். இத்தகைய எழுத்தை இலக்கிய வரலாறுகள் ஒரு பத்திக்குள் கடந்துபோவது சரியன்று. கல்லூரி வாயிலை மிதிக்காத பல்லாயிரம் பேருக்கு நாவல் என்னும் வடிவத்தைக் கொண்டுபோய்ச் சேர்த்தது அதுவே.

திரைப்படமோ சிற்றூர்களுக்குக் கொட்டகையாகச் சென்றது. கீற்று வேய்ந்த சுற்றுத் திரையரங்கில், அதாவது 'டூரிங் டாக்கீஸில்', பகல் வெளிச்சம் உள்ளே புகுந்துவிடும் என்பதால் மாலை ஆட்டமும் இரவு ஆட்டமும் மட்டுமே நடந்தன. ஒரே படக்கருவி இருந்தமையால் சுருள் மாற்றும்போதெல்லாம் இடைவேளை விட்டார்கள். மணலில் அமர்ந்து தரை டிக்கெட்டில் திகில் படம் கண்டவர்கள், ஒவ்வொரு சுருளின் இறுதியிலும் அச்சத்தை மடியில் வைத்துக்கொண்டு காத்திருந்து, நள்ளிரவில் ஏரிக்கரை வழியாகவும் புளியமரச் சாலை வழியாகவும் வீடு திரும்பினர். அவ்வழிகளில் அவர்கள் வழக்கமாக அஞ்சியது முனிக்கும் மோகினிக்கும்தான். இப்படங்கள் அவர்களுக்குக் கொடுத்த புதிய அச்சம், மரத்தில் இருப்பதற்கல்ல, நன்றாக உடுத்தி, இனிமையாகப் பேசி, கார் ஓட்டிவரும் மனிதனுக்கு அஞ்ச வேண்டும் என்பது.

அந்த அச்சம் தேவையான அச்சமே. ஆனால் அதன் கூடவே இப்படங்கள் தந்த விளக்கத்தைத்தான் மறுக்க வேண்டியிருக்கிறது. 'சிகப்பு ரோஜாக்கள்' படத்தில் கமல்ஹாசன் ஏற்ற திலீப், சிறுவனாக இருந்தபோது ஒரு பெண் சுமத்திய பொய்ப்பழியாலும், பின்னர் வளர்ப்புத் தாயின் துரோகத்தைக் கண்டதாலும் பெண்களைக் கொல்பவனாகிறான். அவனை அவ்வாறு ஆக்கி, கொலைகளைக் கண்டு மகிழும் வளர்ப்புத் தந்தை வீட்டிலேயே பத்திரமாக வாழ்கிறார். 'மூடுபனி'யில் கொடுமை செய்தவர் தந்தை; தண்டனை பெறுபவர்கள் அவரோடு எத்தொடர்பும் இல்லாத பெண்கள். கமல்ஹாசன் 1980-களில் 'இதயம் பேசுகிறது' இதழில் 'தாயம்' என்ற பெயரில் எழுதிய தொடர்கதை 2001-இல் சுரேஷ் கிருஷ்ணாவின் இயக்கத்தில் 'ஆளவந்தான்' ஆனபோது, அங்கே கொலைகாரன் நந்துவின் சிதைவுக்குக் காரணம் சித்தி. நாவலாயினும் திரைக்கதையாயினும், இருபது ஆண்டுகள் கடந்தாயினும், கொலைகாரனின் இறந்தகாலத்தைத் தோண்டினால் பெரும்பாலும் ஒரு பெண்ணே கிடைக்கிறாள். தந்தையே குற்றவாளி என்று கதை தெரிந்துவைத்திருக்கும் இடத்திலும் கணக்கு பெண்களிடமே தீர்க்கப்படுகிறது.

இதற்கு நேர் எதிரான ஒரு தழுவல் தமிழில் முன்பே இருந்தது. சி. என். அண்ணாதுரையின் 'ரங்கோன் ராதா' நாவல் 1956-இல் மு. கருணாநிதியின் திரைக்கதையில், ஏ. காசிலிங்கத்தின் இயக்கத்தில் படமானது. அதில் கணவன் தர்மலிங்க முதலியாராக நடித்தவர் 1928-இல் விழுப்புரத்தில் பிறந்த சிவாஜி கணேசன். மனைவியின் தங்கையை அடையும் ஆசையில், மனைவிக்குப் பேய் பிடித்திருக்கிறது, புத்தி பேதலித்திருக்கிறது என்று ஊரை நம்பவைக்கும் அக்கணவன் வழியாக, பைத்தியம் என்ற பெயரை யார் யாருக்குச் சூட்டுகிறார்கள் என்ற கேள்வியை அண்ணா எழுப்பினார். பானுமதி ஏற்ற ரங்கத்தின் துன்பமே அப்படத்தின் உயிர். இரண்டு தலைமுறைக்குள் அந்தச் சொல்லின் பயன் தலைகீழானது: பெண்ணை அடக்கும் சங்கிலியாக இருந்த மனநோய், ஆணின் கொலைக்குச் சமாதானமாக மாறியது.

இனி, தொடக்கத்தில் குறித்த படுகளம் என்னும் அளவுகோலுக்கு வரலாம். செஞ்சிக்கு அருகே மேலச்சேரியிலும், விழுப்புரம், திண்டிவனம் வட்டங்களின் எண்ணற்ற ஊர்களிலும் திரௌபதி அம்மன் கோயில்களில் கோடைதோறும் பாரதம் நடக்கிறது. அமெரிக்க ஆய்வாளர் ஆல்ஃப் ஹில்டபைட்டல் 1988-இல் வெளியிட்ட ஆய்வில் செஞ்சியை இவ்வழிபாட்டின் மையப் பகுதியாகக் கொண்டு விரிவாக எழுதினார். பகலில் பாரதப் பிரசங்கம், இரவில் கூத்து என்று பல நாள் நடந்து, பதினெட்டாம் போர் முடிந்த காலையில் ஊர் வெளியில் மண்ணால் கிடத்திய மாபெரும் துரியோதனன் உருவத்தின் தொடையை வீமன் பிளக்க, அங்கே வைத்திருக்கும் செந்நீரைக் கொண்டு பாஞ்சாலி கூந்தலை முடிக்கிறாள். இதுவே படுகளம். குருதியும் கொலையும் ஆவேசமும் நிறைந்த இக்காட்சியைக் குழந்தைகளும் கண்டு வளர்கின்றனர். இங்கும் பழைய புண் ஒன்று இருக்கிறது; ஆனால் புண்பட்டவள் பெண், அவளே நினைவை முடியாத கூந்தலாகச் சுமப்பவள், அடிபடுபவன் புண்படுத்தியவனே. சபையில் துகிலுரியச் செய்தவனுக்குப் பதிலாக வழியில் போகும் எவனோ ஒருவன் கொல்லப்படுவதில்லை.

அதைவிட ஆழமானது அடுத்து நடப்பது. வீழ்ந்தவன் கொடியவனாயினும், அவன் பக்கத்துப் பெண்ணாக வேடமிட்டவர் களத்தில் விழுந்து புரண்டு ஒப்பாரி வைக்கிறார். கூடியிருக்கும் பெண்கள், தம் வீட்டுச் சாவுகளை நினைத்துக்கொண்டு, உடன் அழுகின்றனர். இறந்தவரின் பெயரையும் உறவையும் குணத்தையும் அடுக்கிச் சொல்லி அழுவதே ஒப்பாரி. அழுகிறவர் வழியாக இறந்தவர் ஒரு முறை முழு ஆளாக எழுந்து நின்றுவிட்டுப் போகிறார். கூத்தைப் பொறுத்தவரை அழப்படாத சாவு இல்லை. ஹிட்ச்காக் மேரியனுக்குப் படத்தின் பாதியைக் கொடுத்ததும், கூத்து துரியோதனனுக்கு ஒப்பாரியைக் கொடுத்ததும் அடிப்படையில் ஒரே நீதி: ஒரு சாவைக் காட்டுபவர் அந்தச் சாவுக்குரிய வாழ்வையும் காட்டக் கடமைப்பட்டவர்.

'மூடுபனி'யில் கொலையுண்ட பெண்களுக்கு இந்த நீதி கிடைக்கவில்லை. சந்துருவுக்குத் தாய் உண்டு, பிள்ளைப்பருவம் உண்டு, கனவுகள் உண்டு, பாட்டும் உண்டு. அவன் கொன்ற பெண்களுக்கு வீடு எது, காத்திருந்தது யார், அவர்கள் அந்தத் தொழிலுக்கு எப்படி வந்தார்கள் என்பதைக் கேட்கப் படத்துக்கு நேரம் இல்லை. ரேகா தப்பிப் பிழைக்கத் தகுதியானவள், மற்றவர்கள் கதை நகர்வதற்காகச் சாகலாம் என்ற பிரிவு, சொல்லாமலே சொல்லப்படுகிறது. ஒளியை இவ்வளவு நுட்பமாகக் கையாண்ட கலைஞர், ஒரு தெருமுனை விளக்கின் கீழ் அப்பெண்களில் ஒருத்தியின் முகத்தை ஒரு நிமிடம் கூடுதலாக நிறுத்தியிருந்தால் போதும். படம் வேறொரு உயரத்துக்குச் சென்றிருக்கும். 'மூடுபனி' தமிழின் மிகச் சிறந்த திகில் படங்களுள் ஒன்று என்பதும், அது தான் கொன்ற பெண்களுக்காக அழவில்லை என்பதும் ஒருசேர உண்மை.

மனநோயைப் பற்றிய செய்திக்கு வரவேண்டும். இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 84-ஆம் பிரிவு, இன்று பாரதிய நியாய சன்ஹிதாவின் 22-ஆம் பிரிவு, சித்தம் சீரற்ற நிலையில் தான் செய்வது இன்னதென்றோ அது தவறென்றோ அறிய இயலாதவருக்கு மட்டுமே குற்றப்பொறுப்பிலிருந்து விலக்கு அளிக்கிறது. திட்டமிட்டு, ஆள் இல்லாத நேரம் பார்த்து, தடயம் மறைத்துக் கொல்பவன் இவ்விலக்கைப் பெறுவது அரிது. தான் செய்வது தவறு என்பதை அவன் அறிந்திருப்பதனால்தான் மறைக்கிறான். ஆகவே திரைப்படங்கள் 'சைக்கோ' என்று காட்டும் ஆள் சட்டத்தின் கண்ணிலும் பெரும்பாலும் மனநோயாளி அல்லன். மறுபுறம், முண்டியம்பாக்கத்து அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு மகனையோ மகளையோ அழைத்துக்கொண்டு வரும் பெற்றோர், மனநலப் பிரிவுக்கு வழி கேட்கவே தயங்குவதற்கு, அந்த ஒற்றைச் சொல் ஊரில் என்னவாக வழங்குகிறது என்பதும் ஒரு காரணம். மனநோய் உள்ளவர்களில் மிகப் பெரும்பாலோர் எவருக்கும் தீங்கு செய்வதில்லை. தீங்குக்கு ஆளாகிறவர்களே மிகுதி. ஒரு படத்தின் தலைப்பு அவர்கள்மேல் சுமத்திய பழியைச் செய்தியாளர்களும் திரைக்கதை எழுதுவோரும் இனியாவது இறக்கி வைக்க வேண்டும். 'தொடர் கொலையாளி' என்ற சொல் தமிழில் இருக்கிறது, அது போதும்.

பாலு மகேந்திரா 2003-இல் மீண்டும் ஒரு திகில் நாவலை நாடினார். ஸ்டீபன் கிங்கின் 'மிசரி'யைத் தழுவிய 'ஜூலி கணபதி'யில், விபத்தில் அடிபட்ட எழுத்தாளரைத் தன் வீட்டில் அடைத்து வைத்திருப்பவள் அவருடைய எழுத்தில் மயங்கிய ஒரு பெண். சரிதாவின் நடிப்பு அப்படத்தைத் தாங்கி நிற்கிறது. ஒரு வீடு, இரண்டு முகங்கள் என்ற பழைய அமைப்பு இடம் மாறி வந்திருப்பதை, இரண்டு படங்களையும் அடுத்தடுத்துப் பார்ப்பவர் உணர்வர்.

திண்டிவனம் திரு ஆ. கோவிந்தசாமி அரசு கலைக் கல்லூரியிலும், விழுப்புரம் அறிஞர் அண்ணா அரசு கலைக் கல்லூரியிலும், மயிலம் தமிழ்க் கல்லூரியிலும் பயிலும் மாணவர்கள் தழுவல் ஆய்வில் இறங்க விரும்பினால், படங்கள் கைப்பேசியிலேயே கிடைக்கின்றன, நாவல்கள்தான் அழிந்துகொண்டிருக்கின்றன. மாத நாவலின் தாள் மலிவானது, சில பத்தாண்டுகளில் நொறுங்கிவிடும். நூலகங்கள் அவற்றைச் சேர்த்துவைக்கத் தகுந்தவை என்று கருதவில்லை. படுகளத்தின் ஒப்பாரியும் அவ்வாறே. முதிய கூத்து வாத்தியார்களின் நினைவில் வாழும் அதை இன்று எழுதியோ பதிவுசெய்தோ வைக்காவிட்டால் நாளை கேட்க முடியாது. மாணவர்கள் வாத்தியார்களிடம் செல்ல வேண்டும். வீடுகளில் பரண்மேல் கட்டிப்போட்ட பழைய வார இதழ்களும் மாத நாவல்களும், தைத்துவைத்த தொடர்கதைத் தொகுப்புகளும் இருந்தால், மூடுபனி இறங்கும் மார்கழியின் கடைசி நாளில், போகித் தீயில் அவற்றைப் போட்டுவிடாமல், அருகிலுள்ள கல்லூரி நூலகத்தில் கொண்டுவந்து சேர்க்குமாறு இவ்வுரை வழியாக அனைவரும் கேட்டுக்கொள்ளப்படுகின்றனர்.